வாயிலிலே ஒரு கேள்வி

கோயில் வாயிலிலே நிற்கிறான் ஒருவன். உள்ளே செல்ல இன்னும் உரிமை வரவில்லை. குருவானவர் வெளியே வருகிறார். பெயரைக் கேட்கிறார். திருச்சபையிடம் எதை வேண்டி வந்தாய் என்று வினவுகிறார். விசுவாசத்தை வேண்டி வந்தேன் என்கிறான் வந்தவன். குருவானவர் அவன் முகத்தின்மேல் ஊதுகிறார்; நெற்றியிலே சிலுவை வரைகிறார்; நாவிலே உப்பு வைக்கிறார்; தம் எச்சிலை விரலால் தொட்டு அவன் காதிலும் மூக்கிலும் தடவுகிறார். பிறகு மும்முறை கேள்வி: சாத்தானை விடுகிறாயா, அவன் செயல்களை விடுகிறாயா, அவன் பகட்டுகளை விடுகிறாயா என்று. விடுகிறேன் என்று மும்முறை மறுமொழி. அதன் பின்னரே தலையிலே நீர், உச்சியிலே தைலம், மேலே வெள்ளாடை, கையிலே எரியும் திரி.

1614-இல் உரோமாபுரி வெளியிட்ட சடங்கு நூல், வயது வந்து கத்தோலிக்க மதம் புகுவோர்க்கு வகுத்த ஞானஸ்நான முறை இது. மயிலையின் சாந்தோம் கோயிலுக்கும், அருகிலுள்ள லஸ் கோயிலுக்கும், சைதையின் சின்னமலைக்கும் இதுவே விதி. மூன்றரை நூற்றாண்டு நின்ற விதி. மொழியோ இலத்தீன்!

சாத்தான் உளனா இலனா என்ற வழக்கை நாம் இன்று எடுக்கப் போவதில்லை. அந்த வழக்கிலே தோழர்களின் தீர்ப்பு யாது என்பதை நாம் அறிவோம். நாம் கேட்பது வேறு. சாத்தானை விடுகிறாயா என்று மும்முறை கேட்ட அந்தச் சடங்கு, தமிழ் மண்ணிலே கால் வைத்த பிறகு, சாதியை விடுகிறாயா என்று ஒரே ஒரு முறையேனும் கேட்டதுண்டா? இல்லை. மறந்து விட்டதா என்றால், அதுவும் இல்லை. அந்தக் கேள்வி பலமுறை வாயில்வரை வந்தது. ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பப்பட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறோம்.

வந்தவனின் வாழ்க்கையைத் துருவிக் கேட்கும் பழக்கமே அந்த மதத்திற்கு இல்லை என்றால் நாம் பேச வேண்டியதில்லை. பழக்கம் இருந்தது, கடுமையாகவே இருந்தது. மூன்றாம் நூற்றாண்டு உரோமாபுரியைச் சார்ந்தது என்று பலரும் கருதும் 'அப்போஸ்தலர் மரபு' என்ற நூல், ஹிப்போலிட்டஸ் பெயரால் வழங்குவது, தெளிவாகவே கூறுகிறது: புதிதாக வருபவன் மூன்றாண்டு 'கேட்போன்' ஆக இருத்தல் வேண்டும், அவனை அழைத்து வந்தவர்கள் அவனுக்குச் சாட்சி கூற வேண்டும், அவன் செய்யும் தொழில் யாது என்று விசாரிக்க வேண்டும். பரத்தையர் விடுதி நடத்துபவனா? விட்டு விடு, அல்லது வெளியே போ. விக்கிரகம் செய்பவனா? விட்டு விடு, அல்லது போ. மக்கள் கண்டு களிக்க மனிதனை மனிதன் வெட்டும் களத்திலே வாள் பிடிப்பவனா? விட்டு விடு, அல்லது போ. சோதிடனும் அந்தப் பட்டியலிலே உண்டு! ஆயினும் முழுப் புகழும் தருவதற்கில்லை; விசுவாசி ஒருவனின் அடிமை வந்தால், எசமானன் இசைந்தானா என்று கேட்டது அதே நூல். எசமானனை நோக்கி, அடிமையை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்கவில்லை.

எப்படியாயினும், நீருக்கு முன்னே வாழ்க்கை மாற வேண்டும் என்பது அன்றைய விதி. தமிழ்க் கடற்கரையிலோ முதலில் வந்தது நீர். பாடம் பின்னால் வந்தது. 1530-களிலே, கடலிலே பகையும் கரையிலே நெருக்கடியும் சூழ்ந்து நின்ற முத்துக்குளித்துறைப் பரதவர்கள், போர்த்துக்கீசியரின் கப்பற்படைக் காவலை நாடினர். காவலின் விலை ஞானஸ்நானம். ஏறத்தாழ இருபதாயிரம் பேர், ஊர் ஊராக, நீர் பெற்றனர். ஏற்ற மதத்தின் செபம் ஒன்றைத்தானும் அவர்களுக்குத் தமிழிலே சொல்லித் தர ஆள் இல்லை. 1542-இல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார், இரு மொழியும் அறிந்த சிலரைக் கூட்டி வைத்துக்கொண்டு செபங்களையும் கட்டளைகளையும் தமிழாக்கினார். கையிலே மணி ஏந்தித் தெருத்தெருவாக ஒலித்துச் சிறுவரைக் கூட்டி மனப்பாடம் செய்வித்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துத் தம் கை ஓய்ந்து போவதாக 1544-இல் எழுதினார். திருவிதாங்கூர்க் கரையிலே ஒரே மாதத்தில் பதினாயிரத்திற்கு மேற்பட்டோர்க்கு நீர் வார்த்ததாக மறு ஆண்டு எழுதினார். அந்த 1545-இல்தான் அவர் மயிலைக்கு வந்து சில மாதங்கள் தங்கினார்.

மாதத்திற்குப் பதினாயிரம் என்றால் ஒருவனிடம் எத்தனை கேள்வி கேட்க முடியும்? பள்ளியிலே அறுபது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து வினா விடை கேட்டுப் பார்த்திருக்கிறோம் நாம். எமக்குத் தெரியும் அந்தக் கணக்கு.

ஆனாலும் அந்த வினா விடையால் தமிழுக்கு ஒரு நன்மை விளைந்தது. மறைக்கக் கூடாது. 1554-இல் லிஸ்பன் நகரிலே, உரோம எழுத்திலே, தமிழ்ச் செபநூல் அச்சாயிற்று. 1578-இல் கொல்லத்திலே அண்டிரிக் அடிகளார் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். மறு ஆண்டு கொச்சியிலே 'கிரீசித்தியானி வணக்கம்'. இந்திய மொழி எதுவும் தன் சொந்த எழுத்தில் அச்சேறியது அப்போதுதான் முதன்முறை. புதிதாக மதம் புகுந்த மீனவர்க்குப் பாடம் சொல்லவே அச்சு வந்தது. சங்க இலக்கியத்திற்கு அந்தப் பேறு கிட்ட மேலும் முந்நூறு ஆண்டு ஆயிற்று.

1606-ஆம் ஆண்டு இந்த வரலாற்றிலே மறக்கவொண்ணாத ஆண்டு. அதன் தொடக்கத்திலே மயிலாப்பூர் ஒரு மறைமாவட்டத்தின் தலைநகராக உயர்த்தப்பட்டது. அதன் முடிவிலே இத்தாலிய இளைஞர் ஒருவர் மதுரைக்கு வந்து சேர்ந்தார். இராபர்ட் தெ நொபிலி. இயேசு சபைத் துறவி. மதுரையிலே அவருக்கு முன்பே பதினொரு ஆண்டாகப் பணியாற்றிக் கொண்டிருந்தார் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியர். அங்கிருந்த பரதவர்க்கு அவர் குரு. மேற்சாதியார் எவரும் அவரிடம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஆராய்ந்தார் நொபிலி. ஞானஸ்நானத்தின்போது கேட்கப்படும் கேள்வியின் தமிழாக்கத்திலே இருந்தது வினை! கிறித்தவனாக விருப்பமா என்று போர்த்துக்கீசிய மொழியிலே இருந்ததை, துபாசிகள் தமிழிலே பறங்கிக் குலம் புக விருப்பமா என்று ஆக்கி வைத்திருந்தனர்.

பறங்கிக் குலம்! எண்ணிப் பாருங்கள். இலத்தீனிலும் போர்த்துக்கீசிய மொழியிலும் விசுவாசம் பற்றிய கேள்வி. தமிழ் நாவிலே ஏறியதும் அது குலம் பற்றிய கேள்வியாகிவிட்டது. துபாசியைக் குறை கூறுவானேன்? மனிதன் ஒரு கூட்டத்தை விட்டு இன்னொரு கூட்டத்திலே சேர்கிறான் என்றால், ஒரு குலத்தை விட்டு இன்னொரு குலம் புகுகிறான் என்றல்லவா அவனுக்குச் சமுதாயம் கற்றுக் கொடுத்திருந்தது!

நொபிலி நோயைக் கண்டார். மருந்து? குலம் என்ற சொல்லை எடுத்தார்; குலத்தை அப்படியே விட்டார். தாம் பறங்கியல்லர், உரோமாபுரி உயர்குடித் துறவி என்றார். காவி உடுத்தார், புலால் விடுத்தார், பெர்னாண்டஸை விட்டு விலகித் தனி மனையிலே வாழ்ந்தார். தமிழையும் வடமொழியையும் ஆழ்ந்து கற்றார். அவரிடம் முதலில் வந்தவர்களுள் ஒருவர் ஒரு பள்ளி ஆசிரியர். இருபது நாள், நாள்தோறும் பல மணி நேரம், மறுபிறப்பு உண்டா, உலகு எதனால் ஆயது என்று வாதாடிய பிறகே அந்த ஆசிரியர் தலை வணங்கினார். முத்துக்குளித்துறையின் அவசரம் எங்கே, இந்த இருபது நாள் எங்கே! ஏற்றாலும் மறுத்தாலும், கேள்வி கேட்டபின் முடிவு செய்தார் அந்த ஆசிரியர். அதற்காக நாம் அவரை மதிக்கிறோம்.

1609-இல், நொபிலிக்கு வடமொழி கற்பித்த சிவதருமர் என்ற பார்ப்பனர் ஞானஸ்நானம் பெற்றார். பூணூலோடு பெற்றார். பூணூலும் குடுமியும் சந்தனமும் நாட்டு வழக்கம். மதத்திற்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை என்பது நொபிலியின் வாதம். பெர்னாண்டஸ் எதிர்த்து முறையிட்டார். கோவாவிலே வழக்கு, உரோமாபுரியிலே வழக்கு. 1623-இல் பதினைந்தாம் கிரகோரி போப்பாண்டவர் தீர்ப்பளித்தார்: பூணூல் இருக்கலாம், குடுமி இருக்கலாம், சந்தனம் இருக்கலாம். தீர்ப்பின் கடைசியிலே ஒரு வேண்டுகோளும் வைத்தார்: உயர்குடியோர், தாழ்ந்தோர் எனப்படுவோரை, குறிப்பாகக் கோயிலிலே, இகழாதிருக்க வேண்டும் என்று. பூணூலுக்கு அனுமதி, சட்டமாக வந்தது. மனிதனுக்கு மதிப்பு, வேண்டுகோளாக வந்தது!

விளைவு விரைவிலே தெரிந்தது. மேற்சாதியாரிடம் செல்லும் துறவிகள், ஒடுக்கப்பட்டோரிடம் சென்றால் தீட்டாகிவிடுமே! ஆகவே 1640 முதல், 'பண்டாரசாமிகள்' என்ற தனி வகுப்பு. ஒரே சபைத் துறவிகளுக்குள்ளேயே இரண்டு வகுப்பு. சாதியை மாற்ற வந்தவர்களைச் சாதி மாற்றி அமைத்தது. நொபிலி முதுமையிலே கண்பார்வை மங்கி, 1656-இல் மயிலையிலே மறைந்தார். அவர் கட்டிய ஏற்பாடு மறையவில்லை.

மதம் மாறுவோனின் வாழ்க்கை வழக்கங்களிலே தலையிட அவர்கள் அஞ்சினர் போலும் என்று எண்ணத் தோன்றும். அன்று! 1693 சனவரியிலே, மறவர் சீமையின் தடியத்தேவர் என்ற சிற்றரசருக்கு ஞானஸ்நானம் அளித்தார் ஜான் டி பிரிட்டோ என்னும் அருளானந்தர். அளிக்குமுன் நிபந்தனை விதித்தார்: பல மனைவியருள் ஒருத்தியையே வைத்துக்கொள்ள வேண்டும். தேவர் இசைந்தார். தள்ளப்பட்டவர்களுள் ஒருத்தி சேதுபதியின் உறவினள். அவள் சினம் அரண்மனை ஏறியது. அடுத்த மாதமே ஓரியூரிலே பிரிட்டோவின் தலை வீழ்ந்தது. தலையே போனாலும் நிபந்தனையைத் தளர்த்தவில்லை அவர். தள்ளப்பட்ட அந்தப் பெண்களிடம் யாரேனும் ஒரு சொல் கேட்டார்களா என்பதும் நமக்கு ஒரு கேள்வி, அது நிற்க. நாம் காண்பது இது: மனைவியரை விடு என்று அரசனிடம் சொல்லும் துணிவு இருந்தது. சாதியை விடு என்று குடிமகனிடம் சொல்ல மட்டும் அந்தத் துணிவு வரவில்லை.

இனி எச்சில் வழக்கு. தமிழனுக்கு எச்சில் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும். ஆகவே மதுரைப் பக்கத்துக் குருமார், சடங்கிலிருந்து எச்சில் தொடுவதையும், ஊதுவதையும், உப்பையும் மெல்ல விலக்கி வந்தனர். 1703-இல் புதுவைக்கு வந்த போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் இதைக் கண்டு சீறினார். 1704-இல் பதினாறு விதிகள் பிறப்பித்தார். எச்சில் கட்டாயம், உப்பு கட்டாயம், ஊதுவது கட்டாயம். அதே தாளிலே இன்னும் சில: பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, மாதவிலக்கான பெண்ணைப் பாவமன்னிப்பிலிருந்து விலக்கக் கூடாது, நோயுற்ற பறையர் வீட்டிற்குக் குரு நேரிலே சென்று இறுதிச் சடங்கு செய்ய வேண்டும்.

அந்தக் கடைசி விதியைப் பாருங்கள். அந்த விதி பிறக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் நடந்தது என்ன? சாகக் கிடக்கும் நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு குருவிடம் போக வேண்டும். குரு அவன் குடிசைக்குள் நுழைய மாட்டார். அவன் ஞானஸ்நானம் பெற்றவன். தலையிலே அதே நீர். பெயரிலே அதே புனிதர். குடிசை மட்டும் தீட்டு!

நாற்பது ஆண்டு நடந்தது வழக்கு. எச்சிலுக்குச் சலுகை கேட்டனர். குடிசைக்கும் சலுகை கேட்டனர். 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் முடிவு கட்டினார். சடங்கிலே கண்டிப்பு, ஒடுக்கப்பட்டோர்க்கோ தனியே குருமாரை அமர்த்திக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்கு இசைவு. எச்சில் வென்றது, சாதி தப்பியது. அந்தத் தீர்ப்பின்படி குருமார் எடுக்க வேண்டியிருந்த ஆணை 1940 வரை நீடித்தது.

மறு ஆண்டு, 1745-இல், திருவிதாங்கூர் அரண்மனையிலே அலுவலர் ஒருவர் வாட்டமுற்றிருந்தார். நட்டாலம் ஊர் நீலகண்டன். குளச்சல் போரிலே சிறைப்பட்டுப் பின் அந்த அரசுக்கே படைத்தலைவரான டச்சுக்காரர் தெ லனோய் அவருக்குத் தம் மதத்தை எடுத்துரைத்தார். வடக்கன்குளத்திலிருந்த புத்தாரி அடிகளிடம் அனுப்பி வைத்தார். அங்கே ஞானஸ்நானம். இலாசர் என்ற பெயரின் தமிழ் வடிவாகத் தேவசகாயம் ஆனார். அரசு அவரைப் பிடித்து வதைத்தது. 1752 சனவரியிலே ஆரல்வாய்மொழிக் காட்டாடி மலையிலே சுட்டுக் கொன்றது. நம்பிக்கைக்காக உயிரை விட்ட மனிதன் முன்னே, நம்பாத நாமும் தலை தாழ்த்துகிறோம்.

ஆனால் ஒன்று. நீலகண்டன் என்ற பெயர் நீரிலே கரைந்தது. அதன் வால் கரையவில்லை. தேவசகாயம் பிள்ளை என்றே வழங்கினர் அனைவரும். இருநூற்று எழுபத்தைந்து ஆண்டு அந்த வால் நின்றது. புனிதர் பட்டத்திற்கான கோப்பிலும் நின்றது. எதிர்ப்புக் குரல் எழுந்த பிறகு, 2020-இல் வத்திக்கான் அந்தச் சாதிப் பெயரை நீக்கியது. 2022 மே 15-இல் புனிதர் என்று அறிவிக்கப்பட்டவர் வெறும் தேவசகாயம்.

அவர் நீர் பெற்ற அதே வடக்கன்குளத்திலே, 1872-இல் எழுந்தது ஒரு புதுக்கோயில். பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் கூடங்கள் இரண்டு. நாடார்க்கு ஒன்று, பிள்ளை முதலியார்க்கு ஒன்று. கால்சட்டை வடிவிலே கடவுளுக்கு வீடு! 1910-இல் கௌசானல் அடிகள் பிரிவினைச் சுவரை இடித்தார். பிள்ளைமாரும் முதலிமாரும் நீதிமன்றம் ஏறினர், தோற்றனர். மீண்டும் படியுங்கள், தோழர்களே: ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஞானஸ்நானம் பெற்ற மற்றவர்களோடு ஒன்றாக உட்கார மாட்டோம் என்று சென்னை உயர்நீதிமன்றத்திலே வாதாடினர்.

வாயிலிலே கேட்காத கேள்வியை வெளியே அரசு கேட்கத் தொடங்கியது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாயிருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர், 1990-இல் பௌத்தர் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. 1980-களிலே சென்னை வீதியோரத்திலே செருப்புத் தைத்த தொழிலாளி ஒருவர், மற்ற தொழிலாளர்க்கு அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை தமக்கு ஏன் இல்லை என்று உச்சநீதிமன்றம்வரை சென்றார். ஆதிதிராவிடராய்ப் பிறந்து கிறித்தவரானவர், அதுவே தடை. சூசை வழக்கு என்று சட்ட நூல்கள் கூறும் அந்த வழக்கிலே 1985-இல் தீர்ப்பு வந்தது: மதம் மாறிய பிறகும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டப்படவில்லை, மனு தள்ளுபடி. அவரோ அதே தெருவிலே அதே ஊசியோடு அமர்ந்திருந்தார்!

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை எழுதும்போதெல்லாம் நமக்கு இது நினைவுக்கு வருகிறது. மதம் என்று ஒரு கட்டம். கிறித்தவர் என்று எழுதுகிறோம். அடுத்த கட்டம் சாதி. தந்தை தலை குனிந்து மெல்லச் சொல்கிறார். பாட்டனார் காலத்திலேயே நீர் பெற்ற குடும்பம். பேரனுக்கும் அந்தக் கட்டம் காலியாக விடப்படுவதில்லை. தமிழ்நாட்டிலே அவனுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சலுகை உண்டு, பட்டியலுக்குரியது இல்லை.

கேட்க முடியாத கேள்வியா இது? கேட்டவர் உண்டு. மயிலைக்குப் பக்கத்து இராயப்பேட்டையிலே இருந்த அயோத்திதாசப் பண்டிதர், 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவி வந்து சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். சாதியற்ற திராவிடர் என்பதே அவர் மதம் மாறியதன் உட்பொருள். 1935-இல் மாறுவேன் என்று அறிவித்த அம்பேத்கர், இருபத்தோராண்டு ஆயத்தம் செய்து, 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியிலே மாறினார்; வந்த இலட்சக்கணக்கானோர்க்கு இருபத்திரண்டு உறுதிமொழிகளைத் தாமே எழுதிக் கொடுத்தார். மனிதர் அனைவரும் சமம் என்பது அவற்றுள் ஒன்று. சமத்துவத்திற்குப் பகையான மதத்தை விடுகிறேன் என்பது மற்றொன்று.

கத்தோலிக்கச் சடங்கும் மாறியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் பழைய படிமுறை ஆயத்தத்தை மீட்க ஆணையிட்டது. 1972-இல் புதிய நூல் வந்தது. இலத்தீன் போய்த் தமிழ் வந்தது. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. எச்சில் சந்தடியின்றி மறைந்தது, அதற்காக நாற்பது ஆண்டு சண்டையிட்டதை நினைப்பாரும் இன்றி. விசாரிக்கும் காலம், கற்கும் காலம், தவக்காலத்தின் முதல் ஞாயிறிலே தேர்வு, பின்னர் மூன்று ஞாயிறுகளில் மனத்தை ஆராயும் சடங்கு, பாஸ்கா இரவிலே நீர் என்று ஒழுங்கு. 2016-இல் இந்திய ஆயர்கள், தலித் மக்கள்பால் திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கையும் வெளியிட்டனர்.

அந்த 1972-ஆம் ஆண்டு நூலிலே யாரும் அதிகம் பேசாத ஒரு விதி இருக்கிறது. தீமையை விடுகிறாயா என்ற கேள்விகளை, அந்தந்த நாட்டின் நிலைக்கேற்ப இன்னும் விரிவாக, இன்னும் கூர்மையாக ஆக்கிக்கொள்ள நாட்டு ஆயர் பேரவைக்கு அதிகாரம் உண்டு என்பது அது. உரோமாபுரியே இடம் விட்டிருக்கிறது. போப்பாண்டவரிடம் வழக்கு நடத்த வேண்டியதில்லை. கோவாவுக்கும் புதுவைக்கும் தூதர் வர வேண்டியதில்லை. ஒரு வரி போதும், தமிழிலே.

பாஸ்கா இரவிலே அந்தக் கேள்விகள் புதிதாக வந்தவனிடம் மட்டும் கேட்கப்படுவதில்லை. கையிலே திரி ஏந்திக் கோயில் நிறைய நிற்கும் அத்தனை பேரும், பிறந்த பத்தாம் நாளிலேயே நீர் பெற்றவர்களும், பேருக்குப் பின்னே வால் வைத்திருப்பவர்களும், அதே கேள்விகளுக்கு உரக்க விடை சொல்ல வேண்டும்.